ஏப்ரலில் இரண்டு பந்தயம், ஒரே பைக்: சிறிய டவுன்ஹில் அணி எப்படித் தயாராவது?

கேள்வி சுருக்கமாக: சியாட்டில் பக்கம் ஆறு பேர் கொண்ட ஒரு சிறிய டவுன்ஹில் அணி, அதாவது மலைச் சரிவில் நேரத்துக்கு எதிராக இறங்கும் சைக்கிள் பந்தய அணி (இங்கே பைக் என்றால் மலைச் சைக்கிள்). ஏப்ரலில் முதலில் கலிபோர்னியாவின் மான்டரே அருகே சீ ஆட்டர் கிளாசிக், அடுத்து வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் ஏஞ்சலஸில் நார்த்வெஸ்ட் கப். குளிர்காலம் முழுக்க பைக்குகள் கராஜில் கிடந்தன. பணம் அதிகமில்லை. எதை மாற்றுவது, எதைச் சர்வீஸ் செய்வது, இரண்டு தடத்துக்கும் ஒரே பைக் போதுமா, அணியில் உள்ள 14 வயதுப் பெண்ணுக்கு இரட்டைக் கிரவுன் ஃபோர்க் பைக் (முன்வீலைத் தாங்கும் கவட்டை இரண்டு இடத்தில் இறுக்கிய முழு டவுன்ஹில் பைக்) வாங்க வேண்டுமா?

பணம் குறைவு என்றால் செலவின் வரிசை டயர், பிரேக், சஸ்பென்ஷன் சர்வீஸ். இந்த மூன்றும் முடிந்து மிச்சம் இருந்தால் மட்டும் மற்றதைப் பாருங்கள். கார்பன் ஹேண்டில்பாரும் எடை குறைந்த வீலும் ஏப்ரல் மாத முடிவுப் பட்டியலில் உங்களை மேலே தூக்காது. யுசிஐ (உலக சைக்கிள் சங்கம்) விதிப்படி ஒரு டவுன்ஹில் ஓட்டம் 2 முதல் 5 நிமிடத்துக்குள் முடிய வேண்டும்; தடம் 1,500 முதல் 3,500 மீட்டர் வரை இருக்கலாம். வட்டாரப் பந்தயங்களும் பெரும்பாலும் இதற்குள்தான் அடங்கும். நடுவில் நின்று பஞ்சர் போட அங்கே நேரம் இல்லை. டயர் கிழிந்தால் அந்த வாரக் கடைசி முழுவதும் வீண். பெட்ரோல், நுழைவுக் கட்டணம், தங்கும் செலவு எல்லாம் அதோடு போகும். 100 டாலரை ஒட்டிய ஒரு நல்ல டயரை அந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

இரண்டு தடங்களும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். சீ ஆட்டர் நடப்பது லகூனா சேக்கா மோட்டார் பந்தயத் திடலைச் சுற்றிய குன்றுகளில். புல்வெளி, இறுகிய மண், மேலே மணல் கலந்த தூசி. ஓட்டம் ஏறத்தாழ 2 நிமிடம்தான். பெரிய தாவல்கள் உண்டு, ஆனால் செங்குத்து குறைவு. நேரத்தைத் தீர்மானிப்பது பெடல் அடிக்கும் பகுதிகள். காலையில் கடல் மூடுபனி இருந்தால் மண் கொஞ்சம் ஈரம் பிடித்து நன்றாகக் கவ்வும். மதியத்துக்குள் அதே வளைவு உருண்டைப் பொடியாகிவிடும். போர்ட் ஏஞ்சலஸின் டிரை ஹில் வேறு உலகம். ஒலிம்பிக் தீபகற்பத்தின் வடகரையில் ஃபிர் மரக் காடு, குறுக்கே ஓடும் வேர்கள், செங்குத்தான இறக்கம், லாரியில் ஏற்றிக்கொண்டு மேலே போகும் ஏற்பாடு. ஏப்ரலில் அங்கே காலை 4, 5 டிகிரி, மதியம் 12, 13 டிகிரி. மேகம் விலகி வெயில் அடித்தாலும் மரத்தடி வேர் காயாது.

சீ ஆட்டருக்கு 160 அல்லது 170 மில்லிமீட்டர் பயணமுள்ள (சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம்தான் பயணம்) எண்டூரோ பைக், அதாவது ஏறவும் இறங்கவும் ஏற்ற மலைச் சைக்கிள், கையில் இருந்தால் அதையே எடுத்துப் போங்கள். அந்தத் தடத்தில் 200 மில்லிமீட்டர் பைக் உறிஞ்சும் அதிர்வை விட விழுங்கும் பெடல் பலம் அதிகம். டவுன்ஹில் பைக் மட்டும்தான் உள்ளது என்றால் அதை அந்தத் தடத்துக்கு ஏற்றபடி இறுக்கலாம். அதைக் கீழே சொல்கிறேன். போர்ட் ஏஞ்சலஸுக்கு மாற்றுக் கருத்தே இல்லை, டவுன்ஹில் பைக்தான்.

இனி டயர். குளிர்காலம் முழுக்க நின்ற டயரில் சீலன்ட் (டியூப் இல்லாத டயரில் ஓட்டையை அடைக்கும் திரவம்) காய்ந்து ரப்பர் தோலாக ஒட்டியிருக்கும். மேலே புதிதாக ஊற்றினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். டயரைக் கழற்றி, தோலை உரித்து, ரிம் டேப்பின் ஓரம் தூக்கியிருக்கிறதா, வால்வுக் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, 29 அங்குல வீலுக்கு 120 மில்லி, 27.5க்கு 100 மில்லி புது சீலன்ட் ஊற்றுங்கள். இதைப் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பே முடித்தால்தான் மெதுவாகக் கசியும் டயர் எது என்று தெரியவரும். பந்தயத்துக்கு முந்தைய இரவு மாற்றினால் அது தடத்தில்தான் தெரியும்.

டயரின் உறை எந்தத் தடத்துக்கும் டவுன்ஹில் உறையாகவே இருக்கட்டும், அதாவது இரட்டை அடுக்கு. ஒரு டயர் 1,200 முதல் 1,400 கிராம் வரும்; அந்த எடைக்குப் பயப்பட வேண்டாம். எண்டூரோ பைக்கில் சீ ஆட்டர் ஓட்டுபவர் மட்டும் பின் டயரில் ஒரு படி மெல்லிய உறைக்குப் போகலாம், உதாரணமாக மாக்ஸிஸில் டபுள்டவுன். அங்கே பின்னால் டிஹெச்ஆர் 2 அல்லது டிஸெக்டர் மாதிரி வேகமாக உருளும் டயர், சற்றுக் கடினமான ரப்பரில். முன்னால் அஸகை போதும்.

போர்ட் ஏஞ்சலஸில் பலர் தடுமாறுவது இங்கேதான்: மழை என்றதும் நீண்ட முள் மாதிரிப் பட்டன்கள் (மேலே துருத்தும் ரப்பர்க் கட்டிகள்) உள்ள சேற்று டயரைப் போட்டுவிடுகிறார்கள். வெட்ஸ்கிரீம், டர்ட்டி டேன் போன்ற டயர்கள் ஆழமான மென்சேற்றுக்கு. உயரமான பட்டன் சேற்றைக் குத்தி அடி மண்ணைப் பிடிக்கும். ஆனால் வேரும் கல்லும் வந்தால் குத்த இடமில்லாமல் அந்தப் பட்டன் மடங்கும், வீல் பக்கவாட்டில் நழுவும். ஈரவேரில் பிடிமானம் தருவது மென்மையான ரப்பரும் குறைந்த காற்றழுத்தமும். ஆகவே முதல் தேர்வு அஸகை, மேஜிக் மேரி, ஆர்கோட்டல் வகை, அந்தந்தக் கம்பெனியின் மிக மென்மையான ரப்பரில். மண் குழைந்திருந்தால் முன்னால் ஷார்ட்டி போன்ற நடுத்தர முள் டயர். முழுச் சேற்று டயர் ஒரு ஜோடி வேனில் கிடக்கட்டும். இரவெல்லாம் கொட்டி, காலையில் தடம் கூழாகிவிட்டால் மட்டும் எடுங்கள்.

சேறும் வேரும் கலந்து வந்தால் பட்டனை வெட்டும் பழைய வித்தை இன்னும் செல்லும். சேற்று டயரின் நடு வரிசைப் பட்டன்களை மூன்றில் ஒரு பங்கு உயரம் குறைத்து, கூரான பக்கவெட்டுக் குறடால் ஒரே அழுத்தில் வெட்டுங்கள். ஓர வரிசையைத் தொடாதீர்கள், வளைவில் பிடிப்பது அதுதான். ஒரு டயருக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். வீலில் மாட்டி 30 பிஎஸ்ஐ காற்று அடைத்த நிலையில் வெட்டினால் உயரம் சீராக வரும். டயர் உறையில் குறடு பட்டால் அந்த டயர் அவ்வளவுதான், அதனால் குறட்டை உறையிலிருந்து விலக்கியே பிடியுங்கள்.

காற்றழுத்தம்: 70 முதல் 75 கிலோ ஓட்டுநருக்கு டவுன்ஹில் உறையில் தொடக்க அளவு முன்னால் 23, பின்னால் 27 பிஎஸ்ஐ. ஐந்து கிலோ கூடினால் ஒரு பிஎஸ்ஐ கூட்டுங்கள். உள்ளே நுரைச் செருகல் போட்டிருந்தால் இரண்டு குறைக்கலாம். சீ ஆட்டரில் தாவல் இறங்குமிடமும் வேக வளைவும் டயரை மடக்கும் என்பதால் இந்த அளவுக்கு மேல் 2 கூட்டுங்கள். ஈரவேருக்கு 1 முதல் 2 குறையுங்கள், ரிம்மில் அடிபடும் சத்தம் கேட்கத் தொடங்கினால் பின்னால் ஒன்றைத் திரும்ப ஏற்றுங்கள். ஆறு பேருக்கும் ஒரே டிஜிட்டல் அளவுமானி. பம்பில் உள்ள முள்மானிகள் ஒன்றுக்கொன்று 2, 3 பிஎஸ்ஐ மாறும். ஒருவர் பம்பில் அடித்த 24ம் இன்னொருவர் பம்பில் அடித்த 24ம் ஒன்றாகாது.

இதோடு சேர்ந்தது குளிர். அடைபட்ட காற்று குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும். சூடான வேனுக்குள் 20 டிகிரியில் 25 பிஎஸ்ஐ வைத்த டயர், 5 டிகிரியில் வெளியே நின்றால் ஏறத்தாழ 23க்கு வந்துவிடும். ஃபோர்க்கில் 85 வைத்திருந்தால் 80 ஆகும். முதல் பயிற்சி ஓட்டத்தில் ‘பைக் ஏனோ அமுங்குகிறது’ என்று கம்ப்ரெஷனை (சஸ்பென்ஷன் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகியை) திருகத் தொடங்குபவர்களின் சிக்கல் பாதி நேரம் இதுதான். டயர், ஃபோர்க், ஏர் ஷாக் (காற்று அடைத்த பின்பக்க அதிர்வுத் தாங்கி) எல்லாவற்றின் அழுத்தத்தையும் பைக்கை வெளியே அரை மணி நேரம் நிறுத்திய பிறகு வையுங்கள். மதியம் வெயில் ஏறினால் இன்னொரு முறை பாருங்கள்.

அடுத்து பிரேக். மாதக் கணக்கில் நின்ற காலிப்பரில், அதாவது பிரேக் பேடை ரோட்டர் தகட்டில் அழுத்தும் பாகத்தில், பிஸ்டன்கள் ஒட்டிக்கொள்ளும். நான்கு பிஸ்டனில் இரண்டு மட்டும் நகர்ந்தால் பேட் சாய்ந்து தேயும், லீவர் ஆழமாகப் போகும், கை சீக்கிரம் களைக்கும். வீலையும் பேடையும் கழற்றுங்கள். நகரும் பிஸ்டனைப் பிளாஸ்டிக் டயர் லீவரால் பிடித்துக்கொண்டு, பிரேக் லீவரை மெதுவாக அழுத்தி ஒட்டிய பிஸ்டனை 2, 3 மில்லிமீட்டர் வெளியே கொண்டுவாருங்கள். அதற்கு மேல் வந்தால் பிஸ்டன் கழன்று திரவம் கொட்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் சுற்றிலும் துடைத்து, அந்தப் பிரேக்குக்கு உரிய திரவத்திலேயே ஒரு சொட்டு தடவி உள்ளே தள்ளுங்கள். நாலைந்து முறை செய்தால் நான்கும் சேர்ந்து நகரும். அப்புறம்தான் பிளீட், அதாவது பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. பிஸ்டனைச் சரிசெய்யாமல் பிளீட் மட்டும் செய்தால் இரண்டு நாளில் பழைய குறை திரும்ப வரும்.

திரவத்தில் கவனம் தேவை. ஷிமானோ, மகுரா, டிஆர்பி மினரல் ஆயில். ஹோப் டாட் 5.1, அதாவது கார் பிரேக் திரவ வகை. ஸ்ராமில் கோட் வரிசை டாட், 2024ல் வந்த மேவன் மினரல் ஆயில். ஒரே கம்பெனி என்று நம்பிவிட முடியாது. மாற்றி ஊற்றினால் சீல் ஊதிப் பிரேக் முழுவதும் பாழ். அணிக்கு இரண்டு பிளீட் கிட் வைத்து, வேறு வேறு நிறத்தில் டேப் ஒட்டி, வேறு வேறு பெட்டியில் வையுங்கள். ஆறு பேரும் ஒரே பிரேக்குக்கு மாறினால் இந்தத் தலைவலி மொத்தமும் போகும், உதிரியும் பாதியாகும். இந்த வருடம் முடியாவிட்டாலும் யாராவது பிரேக் மாற்றும்போது அணியில் அதிகம் உள்ளதையே வாங்கச் சொல்லுங்கள்.

ஈரத்துக்கு உலோகத் தூள் பேட், அதாவது சின்டர்டு. ஆர்கானிக் பேட் மழையும் மணலும் கலந்த தடத்தில் ஒரே நாளில் தகடு வரை தேயக்கூடும். சீ ஆட்டரில் எது போட்டாலும் சரி. பிரேக்குக்கு அங்கே வேலை குறைவு. ரோட்டரின் தடிமனை வெர்னியர் அளவுகோலால் அளக்க வேண்டும்: ஷிமானோ ரோட்டர் புதிதில் 1.8 மில்லிமீட்டர், 1.5க்கு வந்தால் மாற்றியாக வேண்டும். விட்டம் முன்னால் 220, பின்னால் 200 மில்லிமீட்டர் நல்ல கூட்டு. எண்ணெய் பட்ட பேடை அடுப்பில் சுட்டுச் சரியாக்கும் முயற்சியில் நேரத்தை வீணாக்காதீர்கள், புதியது போடுங்கள். கண்ணாடி மாதிரிப் பளபளத்த பேடை மட்டும் 120 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து மீட்கலாம்.

புது பேட் போட்ட பைக்கை நேரே தடத்துக்கு ஏற்றக் கூடாது. கார் நிறுத்துமிடத்தில் மிதமான வேகத்திலிருந்து நடை வேகம் வரை 20 முறை, பிறகு கொஞ்சம் கூடிய வேகத்திலிருந்து 10 முறை அழுத்துங்கள். முழுதாக நிற்க விடாதீர்கள். வீல் பூட்டிக்கொண்டால் பேடின் பொருள் ரோட்டரில் ஓரிடத்தில் மட்டும் படியும், பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் துடிக்கும்.

சஸ்பென்ஷனுக்கு வருவோம். ராக்‌ஷாக்ஸ் தன் ஃபோர்க்குகளின் கீழ்க்கால் (கீழ்ப்பாதிக் குழாய்கள்) சர்வீஸுக்கு 50 மணி நேரம் என்று அளவு வைத்திருக்கிறது. பருவத் தொடக்கத்தில் மணிக்கணக்குப் பார்க்காமலே ஒருமுறை செய்துவிடுங்கள், ஏனென்றால் நின்ற ஃபோர்க்கில் எண்ணெய் அடியில் தேங்கி, சீலுக்குக் கீழே உள்ள நுரை வளையம் காய்ந்திருக்கும். சிறு அதிர்வில் ஃபோர்க் அசையாமல் கையில் குத்துவது அதனால்தான். டாம்பர் (அதிர்வை அடக்கும் எண்ணெய் அமைப்பு) சர்வீஸ் தேவைப்பட்டால் பிப்ரவரிக்குள் அனுப்புங்கள். மார்ச்சில் எல்லோரும் அனுப்புவார்கள், ஏப்ரலுக்குத் திரும்பி வராது. கீழ்க்கால் சர்வீஸ் வீட்டிலேயே செய்யலாம். காற்றை முழுக்க இறக்கி, அடி போல்ட்டுகளை மூன்று நான்கு சுற்று தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டிக் கழற்றி, பழைய எண்ணெயை வடித்து, நுரை வளையத்தைச் சஸ்பென்ஷன் எண்ணெயில் ஊறவைத்து, கையேட்டில் உள்ள மில்லி அளவை மட்டும் சிரிஞ்சில் எடுத்து ஊற்ற வேண்டும். கூடுதலாக ஊற்றினால் நல்லது என்பது தவறு: எண்ணெய் கூடினால் கீழ்க்காலில் காற்றுக்கான இடம் குறைந்து, பயணத்தின் கடைசிப் பகுதியில் ஃபோர்க் கல்லாகிவிடும்.

சாக் அளவை (ஓட்டுநரின் எடைக்கே சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்பதை) ஹெல்மெட், முட்டிப் பேட், ஷூ எல்லாம் போட்டு, பெடலில் நின்று, ஓட்டும் நிலையில் குனிந்து எடுக்க வேண்டும்; ஒருவர் பைக்கைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அளக்கட்டும். 200 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் 30 முதல் 40 மில்லிமீட்டர். பின்னால் 30 சதவீதம். ஷாக்கின் ஸ்ட்ரோக் (முழு நகர்வு) 75 என்றால் 22, 23 மில்லிமீட்டர். காயில் ஷாக்கில் இந்த அளவைப் பிடிக்க முன்னிறுக்க வளையத்தை இரண்டு சுற்றுக்கு மேல் திருக வேண்டி வந்தால் ஸ்பிரிங் மென்மை, அடுத்த எண்ணுக்குப் போங்கள். குளிர்காலத்தில் ஓட்டுநர்களின் எடை மாறியிருக்கும், பதின்ம வயதினருக்கு உயரமும் சேர்த்து. போன செப்டம்பரின் எண்களை அப்படியே போடுவது பெரிய தவறு.

டவுன்ஹில் பைக்கைச் சீ ஆட்டருக்கு இறுக்குவது: பின் சாக்கை 25 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள், குறைவேகக் கம்ப்ரெஷனை முன்னும் பின்னும் 3 கிளிக் ஏற்றுங்கள், தாவலின் உதட்டில் பின்புறம் உதைத்தால் ரீபவுண்டை (அமுங்கியது திரும்பும் வேகத்தை) ஒரு கிளிக் மெதுவாக்குங்கள். போர்ட் ஏஞ்சலஸில் இதற்கு எதிர்: குறைவேகக் கம்ப்ரெஷனைத் திறந்து விடுங்கள், ரீபவுண்டை ஒரு கிளிக் வேகமாக்குங்கள். வேர்கள் வரிசையாக வரும் இடத்தில் ரீபவுண்ட் மெதுவாக இருந்தால் ஒரு வேருக்கும் அடுத்ததற்கும் இடையில் வீல் முழுதாகத் திரும்பாது; நாலாவது வேருக்கு வரும்போது பாதிப் பயணம்தான் மிஞ்சும், கையும் விறைத்துப்போகும். குளிரில் எண்ணெய் தடித்து ரீபவுண்ட் தானாகவே மெதுவாகும் என்பதையும் கணக்கில் சேருங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரே மாற்றம். கிளிக்கை முழுக்க மூடிய நிலையிலிருந்து எண்ணி நோட்டில் எழுதுங்கள். ‘கொஞ்சம் திருப்பினேன்’ என்பது அடுத்த பந்தயத்தில் யாருக்கும் பயன்படாது.

மான்டரேயிலிருந்து போர்ட் ஏஞ்சலஸ் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். வெப்பமும் உயரமும் மாறி மாறி வரும் இந்தப் பயணத்துக்குப் பிறகு கீழ்க்காலில் சிறைப்பட்ட காற்றின் அழுத்தம் மாறியிருக்கும். ஃபாக்ஸ் 40ல் இருப்பது போன்ற காற்று விடும் பொத்தான் உங்கள் ஃபோர்க்கில் இருந்தால், வந்து சேர்ந்ததும் வீல் தரையைத் தொடாத நிலையில் ஒருமுறை அழுத்துங்கள்.

கியரில் ஒரு கணக்கு. பின்னால் 27.5 வீல் உள்ள பைக்கில் 34 பல் செயின்ரிங்கும் (மிதியோடு சுற்றும் முன் பற்சக்கரம்) 11 பல் கடைசிக் கியரும் இருந்தால், நிமிடத்துக்கு 100 மிதியில் வேகம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 36க்கு 10 என்றால் 47. சீ ஆட்டரில் முதல் கூட்டு போதாது; கால் சும்மா சுற்றும். போர்ட் ஏஞ்சலஸில் 34 தாராளம். செயின்ரிங் 2 பல் கூடினால் பெரும்பாலும் செயினில் ஒரு ஜோடிக் கண்ணி சேர்க்க வேண்டும். சேர்த்தபின் ஷாக்கின் ஸ்பிரிங்கைக் கழற்றி, ஏர் என்றால் காற்றை இறக்கி, பின் வீலைக் கடைசி வரை அமுக்கிப் பாருங்கள். அந்த நிலையில் செயின் விறைத்து டெரெய்லர் (கியர் மாற்றும் பாகம்) கூண்டை இழுத்தால் நீளம் போதாது. முதல் பெரிய தாவலில் டெரெய்லர் முறிந்துவிடும். செயின் கைடையும் புது ரிங்குக்கு ஏற்ப உயர்த்த மறக்க வேண்டாம். பழைய காசெட்டோடு (பின் பற்சக்கரத் தொகுதி) புது செயின் போட்டால் பல் தாண்டும், குறிப்பாகத் தொடக்க வாயிலில் முழு பலத்தில் மிதிக்கும்போது. இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், அல்லது இரண்டையும் விட்டுவிடுங்கள்.

புது வீலோ புது பைக்கோ உள்ளவர்கள் முதல் இரண்டு நாள் ஓட்டத்துக்குப் பிறகு ஸ்போக் இழுவை, பிவட் போல்ட், கிரவுன் போல்ட் ஆகியவற்றை டார்க் ரெஞ்ச் கொண்டு பார்க்க வேண்டும். முதல் அமர்வில் எல்லாம் கொஞ்சம் தளரும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற எண் பெரும்பாலும் பாகத்தின் மேலேயே அச்சிட்டிருக்கும்.

பயிற்சி நாள் பற்றி. முதலில் தடத்தை நடந்து பாருங்கள், மேலிருந்து கீழே ஒருமுறை, முக்கிய இடங்களில் கீழிருந்து மேலே பார்த்து இன்னொரு முறை. வேர் எந்தக் கோணத்தில் தடத்தைக் கடக்கிறது என்பது கீழிருந்துதான் தெளிவாகத் தெரியும். ஈரவேரை நேர்க்கோணத்தில், பிரேக்கை விட்டு, முன்வீலின் பாரத்தைக் குறைத்துக் கடக்க வேண்டும். பிரேக் அடிக்க வேண்டிய இடம் அதற்கு முந்தைய மண். அந்த இடத்தை ஒரு மரம் அல்லது கம்பத்தை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, சமதளப் பகுதிக்குள் நுழையும் வளைவுகள். அங்கே வெளியேறும் வேகத்தில் இழந்ததைச் சமதளம் முழுக்க மிதித்தாலும் மீட்க முடியாது. சீ ஆட்டரில் பந்தயமே இதுதான்.

ஒரு நாளில் ஆறு முதல் எட்டு ஓட்டம் போதும். பருவத் தொடக்கத்தில் முன்கை பழகியிருக்காது. விரல் இறுகி லீவரை உணர முடியாத நிலைக்கு வந்தால் அன்றைய பயிற்சி முடிந்தது. ‘கடைசியாக இன்னும் ஒன்று’ என்று ஏறும் ஓட்டத்தில்தான் தோள்பட்டை எலும்பு முறிகிறது. அணித் தலைவர் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். பந்தயக் காலையில் தடத்தை மறுபடி நடந்து பாருங்கள். நூற்றுக்கணக்கான வீல் போன பிறகு குழித்தடம் ஆழமாகி, சனிக்கிழமை நல்லதாக இருந்த வழி ஞாயிறன்று பெடலை இடிக்கும்.

வேனில் பொதுவாக வைக்க வேண்டியவை: ஒவ்வொரு ஃபிரேமுக்கும் டெரெய்லரை மாட்டும் ஹேங்கர், ஒரு முழு டெரெய்லர், இரண்டு செயினும் இணைப்புக் கண்ணிகளும், ஒவ்வொரு பிரேக் வகைக்கும் நான்கு ஜோடி பேட், 200, 220 அளவில் ஒவ்வொரு ரோட்டர், ஒரு பிரேக் லீவர், கியர் கேபிள், ஒவ்வொரு வீலின் நீளத்துக்கும் நாலைந்து ஸ்போக், காற்றைச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் விடும் டேங்க் பம்ப், ஷாக் பம்ப். வீலைக் கழற்றி ஏற்றினால் பேடுகளுக்கு இடையில் பிளாஸ்டிக் துண்டு கட்டாயம். யாராவது லீவரைத் தொட்டால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். ரோட்டர் இன்னொரு பைக்கில் சாயாதபடி அட்டை வையுங்கள். டிரை ஹில்லின் லாரியில் பைக்குகள் நெருக்கமாகத்தான் தொங்கும், ஃபோர்க்கின் மேல்குழாய் எதனுடனும் உரசாதபடி பழைய துணி சுற்றுங்கள். அங்கே ஒரு கீறல் விழுந்தால் சீல் வாரா வாரம் கசியும்.

மாலையில் கழுவும்போது அழுத்தத் தண்ணீரை ஹப், பிவட், ஹெட்செட், ஃபோர்க் சீல் மேல் நேராக அடிக்காதீர்கள். கழுவியபின் பைக்கைக் கவிழ்த்து, சீட் போஸ்டைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிடுங்கள். இரவு முழுக்க நின்ற தண்ணீர் அடியச்சுப் பேரிங்கைத் தின்றுவிடும். செயினுக்கு ஈரத்துக்கான எண்ணெய், பின் வீலில் காலிப்பரையும் ரோட்டரையும் துணியால் மூடிக்கொண்டு.

உடுப்பில் முக்கியமானது ஹெல்மெட்: முழுமுக ஹெல்மெட், உள்ளே ஏஎஸ்டிஎம் எஃப்1952 என்ற டவுன்ஹில் தரக் குறியீடு உள்ளதா என்று பாருங்கள். ஒருமுறை பலமாக அடிபட்டது இனிப் பந்தயத்துக்கு உதவாது. முட்டிப் பேடும் முதுகுக் காப்பும் எல்லோருக்கும். போர்ட் ஏஞ்சலஸுக்கு ஒருவருக்கு மூன்று ஜோடி உலர்ந்த கையுறை, இரண்டு காகிள்ஸ், கண்ணாடி நிறமற்றதாக அல்லது மிக இளம் நிறத்தில். காட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி வேரை மறைக்கும். மேலே வரிசையில் காத்திருக்கும்போது தடித்த ஜாக்கெட் வேண்டும். குளிர்ந்த கையோடு புறப்பட்டால் முதல் நிமிடத்திலேயே முன்கை இறுகும். புறப்பாட்டுக்கு முன் 15 நிமிடமாவது மிதித்து உடம்பைச் சூடாக்குங்கள்.

கடைசியாக அந்த 14 வயதுப் பெண். இரட்டைக் கிரவுன் பைக் இப்போது வேண்டாம். 50 கிலோவுக்குக் கீழ் உள்ளவருக்கு, பெரியவர்களை மனத்தில் வைத்து டாம்பர் அமைத்த 200 மில்லிமீட்டர் பைக் பயணத்தில் பாதியைக்கூடத் தராது. ரீபவுண்டை முழுக்கத் திறந்தாலும் மெதுவாகவே இருக்கும். பைக்கின் எடை மட்டும் அவரை இழுக்கும். 160 மில்லிமீட்டர் எண்டூரோ பைக், அளவுக்குச் சரியான ஃபிரேம், அதில் டவுன்ஹில் உறை டயர், 200 ரோட்டர், எடைக்கு ஏற்ற சாக்: இரண்டு பந்தயத்துக்கும் இது போதும். டயரில் முன்னால் 19, பின்னால் 22 பிஎஸ்ஐயில் தொடங்கி, ரிம் அடித்தால் ஒன்று ஏற்றுங்கள். ஃபோர்க்கில் காற்றறையைச் சுருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பிரேக் லீவரின் எட்டும் தூரத்தைத் திருகி உள்ளே கொண்டுவந்து, ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு லீவரின் நுனிக் கொக்கியில் உட்காரும்படி வையுங்கள். ஹேண்டில்பார் 800 என்றால் 740க்கு வெட்டலாம், ஆனால் 20 மில்லிமீட்டராக வெட்டி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்து. வெட்டியதை ஒட்ட முடியாது. யுஎஸ்ஏ சைக்கிளிங்கின் (அமெரிக்க சைக்கிள் சங்கம்) மூன்றாம் நிலைப் பிரிவில், அதாவது தொடக்கக்காரர்களுக்கான பிரிவில், அவர் வயதுக்கு உரிய வகுப்பில் பெயர் கொடுங்கள்.